இதற்குத் தமிழில் என்ன பெயர்?



இன்று ஒரு நத்தையைப் பற்றி எழுத விழைகிறேன். நத்தை என்றவுடன், மழை விட்ட காலையில் பூச்சட்டியின் ஓரம் ஊர்ந்து செல்லும் சாம்பல் நிற உருவம் உங்கள் நினைவுக்கு வரலாம். அதைச் சற்று ஒதுக்கிவையுங்கள். நான் சொல்லப்போகும் நத்தை கடலில் வாழ்வது. அதற்கு ஓடு இல்லை. உடல் கரும்பட்டுப் போன்றது. முதுகின்மேல் நீலம் கலந்த சாம்பல் நிற மேடுகள் தலை முதல் வால் வரை நெடுக ஓடுகின்றன. அம்மேடுகளின்மீது வரிசையாகக் குமிழ்கள் எழுந்து நிற்கின்றன. ஒவ்வொரு குமிழின் உச்சியிலும், மஞ்சளைக் குழைத்து விரல் நுனியால் தொட்டுவைத்தாற்போல் ஒரு பொட்டு. தலைப்பக்கம் பொன்மஞ்சள் நிறத்தில் இரண்டு உணர்கொம்புகள். பெரும்பாலும் ஒரு விரல் நீளம் இருக்கும். 10 செண்டிமீட்டரைத் தாண்டி வளர்வதும் உண்டு.

அறிவியல் உலகில் இதன் பெயர் 'பில்லிடியா வரிக்கோசா'. பிரெஞ்சு அறிஞர் லமார்க் 1801-ஆம் ஆண்டில், முதுகெலும்பற்ற விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில் இப்பெயரைச் சூட்டினார். இப்பெயருக்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை தொடங்கிப் பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய் வரை இந்நத்தை பரவி வாழ்கிறது. நம் நாட்டில் தீபகற்பத்தின் கிழக்குக் கரைத் தீவுகளில் இதனைக் காணலாம். பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தியோமான் தீவு அவற்றுள் ஒன்று. ஜொகூரின் மெர்சிங் படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஆண்டிறுதி மாதங்களில் கடல் கொந்தளிக்கும், படகுகள் குறைந்துவிடும். மற்ற மாதங்களில் நீர் தெளிந்து, கரையோரத்தில் நின்றே பவளப்பாறைகளைப் பார்க்கும்படி இருக்கும். 1994-ஆம் ஆண்டு முதல் இத்தீவைச் சுற்றி 2 கடல் மைல் தொலைவுக்குக் கடற்பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டுள்ளது. அந்த எல்லைக்குள் மீன் பிடிக்கவோ, பவளத்தையோ பிற உயிர்களையோ எடுக்கவோ அனுமதி இல்லை.

பவளப்பாறை என்றால் பவளம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. பவளங்களுக்கு இடையே, பாறை இடுக்குகளில், இறந்த பவளத்தின் எலும்புக்கூட்டின்மேல், கடற்பஞ்சுகள் ஒட்டி வாழ்கின்றன. அவையும் விலங்குகளே. வேர்விட்ட செடிபோல் ஒரே இடத்தில் இருந்துகொண்டு, கடல்நீரை உடலுக்குள் இழுத்து, அதிலுள்ள நுண்ணுணவை வடிகட்டி உண்கின்றன. ஓட முடியாது, ஒளிய முடியாது, கடிக்கவும் முடியாது. ஆகவே, பல கடற்பஞ்சுகள் தம் உடலில் கசப்பும் நஞ்சும் கொண்ட வேதிப்பொருள்களை வைத்திருக்கின்றன. மீன்கள் பெரும்பாலும் அவற்றை அணுகுவதில்லை.

நம் நத்தை அணுகுகிறது. கடற்பஞ்சுதான் அதன் உணவு. பெரும்பாலான நத்தைகளுக்கு அரம் போன்ற பல்வரிசை கொண்ட நாக்கு உண்டு. இதற்கு அதுவும் இல்லை. கடற்பஞ்சின்மேல் வாயை வைத்து, செரிமான நீரைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. உணவோடு வந்த நஞ்சை அழிப்பதில்லை. தன் தோலில் சேமித்து, தனக்குக் காவலாக வைத்துக்கொள்கிறது!

இதை அறிவியலார் கண்டறிந்த விதம் சுவையானது. 1963-ஆம் ஆண்டில் ஜோஹானஸ் என்னும் ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹவாயில் பிடித்த இந்நத்தை, தொந்தரவு செய்யப்பட்டபோது கடும் நெடியுள்ள கோழை போன்ற நீரைச் சுரந்தது என்றும், அது தொட்டியிலிருந்த மீன்களையும் நண்டு இனங்களையும் கொன்றது என்றும் அவர் எழுதினார். அந்நஞ்சு யாதென்று அப்போது தெரியவில்லை. 1975-ஆம் ஆண்டில் வேதியியலர் பால் ஷோயரும் அவருடைய குழுவினரும் விடை கண்டனர். ஹவாயின் ஓவாஹு தீவில், புபுகேயா என்னுமிடத்தில், இந்நத்தை ஒரு கடற்பஞ்சை உண்டுகொண்டிருந்தது. நத்தையின் நஞ்சும் அக்கடற்பஞ்சில் இருந்த பொருளும் ஒன்றே என்று அவர்கள் நிறுவினர். அவ்வூரின் பெயரையே அப்பொருளின் பெயரிலும் சேர்த்து, '9-ஐசோசயனோபுபுகேயனேன்' என்று வழங்கினர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் ஒரு கடற்கரை ஊர் வேதியியல் நூலில் நிலைத்துவிட்டதல்லவா!

ஆகவே அந்த மஞ்சளும் நீலமும் ஓர் அறிவிப்புப் பலகை என்று கொள்ளலாம். "என்னை உண்ணாதே; உண்டால் வருந்துவாய்" என்பது அதன் பொருள். ஒருமுறை சுவைத்துத் துப்பிய மீன், அந்த வண்ணத்தை மறப்பதில்லை. வேடிக்கை என்னவெனில், நத்தையால் தன் வண்ணத்தைக் காண இயலாது. இவ்வகை நத்தைகளின் கண்கள் ஒளியையும் இருளையும் பிரித்தறிய மட்டுமே உதவும். உணவையும் துணையையும் அது உணர்கொம்புகளால் நீரில் மோப்பம் பிடித்தே தேடுகிறது.

நல்ல பெயர் எடுத்தவனைப் பார்த்து நடிப்பவன் எங்கும் இருப்பான். கடலிலும் இருக்கிறான். ஒருவகைக் கடல் அட்டை, குஞ்சாக இருக்கும்போது அச்சு அசலாக இந்நத்தைக் குடும்பத்தின் தோற்றத்தையே கொண்டிருக்கிறது. கருப்பு, நீல வெண்மை, மஞ்சள் குமிழ்கள் எல்லாம் அப்படியே. நத்தையின் பெயரைச் சொல்லி அது மீன்களிடமிருந்து தப்பிக்கிறது. வளர்ந்து பெரிதானபின் அவ்வேடத்தைக் கலைத்துவிடுகிறது.

இவ்வளவும் நூல்களில் உள்ளவை. இனி என் மாணவர்களிடம் வருகிறேன்.

2023 ஜூன் மாதத் தொடக்கத்தில், பள்ளி விடுமுறையின்போது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியுடன் எங்கள் அறிவியல் மன்றத்து மாணவர்கள் 14 பேரைத் தியோமானுக்கு அழைத்துச் சென்றோம். கடலைப் பார்த்திருந்த பிள்ளைகள்தான். கடலுக்குள் பார்த்தவர் ஒருவரும் இல்லை. தெக்கெக் கிராமத்தில் கடற்பூங்கா மையத்தை ஒட்டிய ஆழமில்லாத நீரில், மிதவைச் சட்டை அணிவித்து, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டி, நால்வர் நால்வராக இறக்கினோம். வழிகாட்டியாக வந்த பாக் சிக், அறுபது வயதை நெருங்கியவர், அவ்வூர்க்காரர். நீரில் இறங்குமுன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரே கட்டளையை மும்முறை சொல்ல வைத்தார்: "ஜாங்ஙான் பெகாங்!" தொடாதே என்பதுதான் அது.

மூன்றாவது குழுவோடு நான் நீரில் இருந்தேன். பாக் சிக் கையசைத்துக் கீழே சுட்டினார். ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆழத்தில், ஒரு பாறையின் சரிவில், அது இருந்தது. பிள்ளைகள் மூச்சுக்குழல் வழியாகவே கத்தினார்கள். சொல் புரியவில்லை, குதூகலம் புரிந்தது. கரையேறியதும், பாக் சிக் நீர்புகாக் கருவியில் எடுத்த படத்தைச் சூழ்ந்துகொண்டு பார்த்தார்கள். அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்:

"டீச்சர், இதுக்குத் தமிழ்ல என்னா பேரு?"

எளிய வினாதான். ஆனால் விடை எளிதாக இல்லை.

ஆங்கிலத்தில் 'சீ ஸ்லக்' என்பார்கள். அதைக் 'கடல் அட்டை' என்று தமிழில் எழுதுவோர் உண்டு. ஆனால் கடல் அட்டை என்பது தமிழில் வேறோர் உயிருக்கு நெடுங்காலமாக வழங்கும் பெயர். மன்னார் வளைகுடாவிலும் யாழ்ப்பாணத்துக் கடலிலும் மீனவர்கள் குளித்தெடுத்து, அவித்து, உலர்த்தி, ஏற்றுமதி செய்தது அதைத்தான். இந்தியாவில் 2001-ஆம் ஆண்டில் அதைப் பிடிப்பது தடைசெய்யப்பட்டது. நமக்குப் பழக்கமான மலாய்ச் சொல்லில் சொல்வதானால், அது 'காமாட்' இனம். லங்காவி சென்று வந்தவர்கள் காயத்துக்குப் பூச வாங்கிவரும் எண்ணெய் அதிலிருந்து வருவதே. அது நட்சத்திர மீனுக்கு உறவு, நத்தைக்கு உறவன்று. முன்னர் நான் சொன்ன வேடதாரியும் அதே இனந்தான். கடலில் கடல் அட்டை நத்தையாக நடிக்க, நம் எழுத்தில் நத்தை கடல் அட்டையாகிவிடுகிறது!

'ஓடில்லாக் கடல் நத்தை' என்று சொல்லலாம். பொருள் சரி. ஆனால் அது ஒரு பெருங்கூட்டத்தின் பெயர். இவ்வகையில் அறிவியலார் பெயரிட்டவை மட்டும் ஏறத்தாழ 3000 இனங்கள். "அந்தப் பறவையின் பெயர் என்ன?" என்று கேட்ட பிள்ளைக்குப் "பறவை" என்று விடையளித்தால் அது விடையாகுமா?

இக்கேள்வி என்னைத் தைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துப் பள்ளிக்கு வந்த காலத்தில்தான், 2003-இல், கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் திட்டம் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. 2009-இல் மாற்றம் அறிவிக்கப்பட்டு, படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பினோம். அவ்விடைப்பட்ட ஆண்டுகளில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களை மனனம் செய்தார்கள், தேர்விலும் எழுதினார்கள். ஆனால் வீட்டிற்குச் சென்று பாட்டியிடம், "இன்று இதைப் படித்தேன்" என்று சொல்ல அவர்களிடம் சொல் இருக்கவில்லை. பள்ளியில் கற்றது பள்ளியோடு நின்றுவிட்டது. அறிவியல் என்பது வேறு யாருடைய வீட்டிலோ நடக்கும் காரியம் என்று ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கினால், அதைப் பின்னால் மாற்றுவது கடினம்.

ஆகவே, பள்ளி திறந்த முதல் வாரத்தில், மன்றக் கூட்டத்தில் அப்படத்தைத் திரையில் காட்டினேன். "நாமே பெயர் வைப்போம். ஆனால் ஒரு விதி. பெயர் அந்த உயிரைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். அதே குடும்பத்து நத்தைகளிலிருந்து இதை வேறுபடுத்தவும் வேண்டும்" என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற இரண்டின் படங்களையும் காட்டினேன்.

கைகள் உயர்ந்தன. "மஞ்சள் பொட்டு நத்தை" என்றான் ஒருவன். மற்றொருவன் மறுத்தான்; இரண்டாம் படத்திலுள்ள நத்தை முழுவதுமே மஞ்சளாயிற்றே என்றான். "நச்சு நத்தை" என்று ஒரு குரல். எல்லாமே நச்சுள்ளவைதாம் என்று நானே சொல்ல நேர்ந்தது. "கடல் ஜாங்கிரி" என்று ஒருவன் சொல்ல, சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. மெல்ல மெல்ல, சொல்லைத் தேடிய பிள்ளைகள் படத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். எத்தனை மேடுகள்? குமிழ்கள் சிதறிக் கிடக்கின்றனவா, வரிசையில் நிற்கின்றனவா? நான் கேட்கவேண்டிய வினாக்களை அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

அப்போது, முதலில் பெயர் கேட்ட அதே மாணவி தயங்கித் தயங்கிக் கையுயர்த்தினாள். பொதுவாக அதிகம் பேசாத பிள்ளை.

"எங்க பாட்டி காலு மாதிரி இருக்கு டீச்சர்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவள் முகம் கவிழ்ந்துவிட்டது. நான் கையுயர்த்தி அமைதிப்படுத்தினேன். "பாட்டி காலில் என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டேன். அவள் மேசையைப் பார்த்தவாறே சொன்னாள். பாட்டி பல ஆண்டுகள் பால்மரம் வெட்டினாராம். பிறகு தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்தாராம். இப்போது கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்து, மேடு மேடாக, முடிச்சு முடிச்சாக ஓடுகிறதாம். இரவில் இவள்தான் எண்ணெய் தடவிவிடுவாளாம்.

நரம்பு சுருட்டிக்கொள்வது என்று நாம் சொல்வது அதைத்தான். உண்மையில் அது நரம்பன்று. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரை. நீண்ட நேரம் நிற்பவர்களுக்கு அச்சிரைகளின் உள்ளே இருக்கும் அடைப்பிதழ்கள் தளர்ந்து, இரத்தம் தேங்கி, சிரை வீங்கி வளைகிறது. மருத்துவர்கள் அதை 'வெரிக்கோஸ்' என்பார்கள். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கும் இது அந்நியமன்று.

அன்பர்களே, இப்போது அப்பெயருக்குள் ஒளிந்திருக்கும் செய்தியைச் சொல்கிறேன். 'வரிக்கோசா' என்பது இலத்தீன் சொல். 'புடைத்த சிரைகளை உடையது' என்பது அதன் பொருள். மருத்துவர் சொல்லும் வெரிக்கோசும் நத்தையின் வரிக்கோசாவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. பாரிசு நகரில் 1801-இல் லமார்க் தேர்ந்த உவமையும், பாட்டியின் காலுக்கு எண்ணெய் தடவும் ஒரு பதினோரு வயதுப் பெண் கண்ட உவமையும் ஒன்றே!

இதை நான் வகுப்பில் சொன்னேன். கரும்பலகையில் 'வரிக்கோசா' என்று எழுதி, பொருளை அதனடியில் எழுதினேன். சிரித்தவர்கள் அமைதியானார்கள். ஒருவன் மட்டும், "அப்போ அவ சயிண்டிஸ்ட்டா டீச்சர்?" என்றான். "அவள் பார்த்தாள். பார்த்ததைச் சொன்னாள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது" என்றேன். அவள் நிமிர்ந்தாள். அன்று மாலை அவள் வீட்டில் பாட்டியிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எண்ணிப் பார்க்கிறேன். இம்முறை அவளிடம் சொல் இருந்தது.

இறுதியில் மன்றம் ஒரு பெயரை ஏற்றுக்கொண்டது: 'புடைவரி நத்தை'. புடைத்த வரிகளை உடைய நத்தை. அறிவியல் பெயருக்கும் நெருக்கம். தமிழ்ச் செவிக்கும் உறுத்தாது. சுவரொட்டியில் படத்தின் கீழே இரண்டு பெயர்களையும் எழுதி ஒட்டினோம்.

"தேர்வில் வராத ஒன்றுக்கு ஒரு மணி நேரமா?" என்று சக ஆசிரியர் ஒருவர் நட்போடு கேட்டார். "ஆளுக்கொரு பெயர் வைத்தால் குழப்பந்தானே?" என்றும் கேட்டார். இரண்டாவது வினா நியாயமானது. அதனால்தான் அறிவியல் பெயரை நீக்காமல் பக்கத்திலேயே வைத்தோம். அப்பெயர் உலகம் முழுவதற்கும் பொது. அதை மாற்ற நமக்கு உரிமையில்லை, தேவையும் இல்லை. தமிழ்ப் பெயர் அப்பெயருக்குச் செல்லும் படிக்கட்டு. முதல் வினாவுக்கு என் விடை சுருக்கமானது: ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. இனியாவது, தேர்வில் வராதவற்றைக் கற்பிக்க நமக்கு நேரம் இருக்கவேண்டும்.

பெயர் வைத்த பிறகு இன்னொரு மாற்றத்தைக் கண்டேன். பவளப்பாறை பற்றிய செய்தி வந்தால் பிள்ளைகள் வெட்டி எடுத்து வருகிறார்கள். 2024 ஏப்ரலில், உலகப் பவளப்பாறைகளின் நான்காவது பெரும் வெளுப்பு நிகழ்ந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் அறிவித்தது. கடல்நீர் வழக்கத்தைவிட ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் கூடுதலாக வாரக்கணக்கில் சூடேறி நின்றால், பவளம் தன் உடலில் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். பாசிதான் அதற்கு வண்ணமும் உணவும் தருவது. சூடு தணியாவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். 2010-இலும் இவ்வாறு நேர்ந்தபோது, தியோமான், ரெடாங் உள்ளிட்ட தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசு அக்டோபர் இறுதி வரை மூடிவைத்தது.

"பவளம் செத்தா புடைவரி என்னா டீச்சர் ஆகும்? அது பவளத்தைத் திங்காதே?" என்று கேட்டான் ஒருவன். நல்ல வினா. அது பவளத்தை உண்பதில்லை என்பது மெய்தான். ஆனால் அதன் உணவான கடற்பஞ்சு ஒட்டிக்கொள்ள உறுதியான தளம் வேண்டும். உயிருள்ள பவளம் கட்டிக்கொண்டே இருந்தால்தான் பாறை நிலைக்கும். பவளம் மடிந்தால் பாறை அரிக்கப்பட்டு, அலையில் உடைந்து, காலப்போக்கில் சரளைக்கல்லாகிவிடும். கரையில் மரங்களை வெட்டி மண்ணைக் கிளறினால், மழையில் சேறு கடலுக்குள் வழிந்து, நீரை வடிகட்டி உண்ணும் கடற்பஞ்சின் துளைகளை அடைத்துவிடும். தன்னைத் தின்ன வரும் மீனுக்குச் சொல்ல அந்த நத்தையிடம் மஞ்சள் வண்ணம் இருக்கிறது. சேற்றுக்கும் சூட்டுக்கும் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை.

தீவுகளுக்குச் செல்லும் பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகளைத் தண்ணீருக்குள் பார்க்கவிடுங்கள். பவளத்தின்மேல் கால் ஊன்ற விடாதீர்கள். ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி உடையும். எந்த உயிரையும் கையில் எடுக்கவேண்டாம். அது அதற்கும் நல்லது, சில வேளைகளில் நமக்கும் நல்லது. சிப்பி, கிளிஞ்சல், பவளத்துண்டு எதையும் பையில் போட்டு வரவேண்டாம். கண்டதை வீட்டிற்கு வந்து படமாக வரையச் சொல்லுங்கள். அது எதைப்போல் இருந்தது என்று கேளுங்கள். வரும் விடை விந்தையாக இருந்தால் சிரித்துவிடாதீர்கள்.

எங்கள் சுவரொட்டியின் கீழ்மூலையில், யாரும் சொல்லாமலே, அம்மாணவி பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "தொடாதே. பார்." பாக் சிக்கின் கட்டளையோடு தன்னுடையதையும் சேர்த்துவிட்டாள்.